நடுப்பகலில் நடந்த பேய்

மலேசியத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பழைய பேய்ப் படம் ஒன்றின் அந்த வீடியோத் துணுக்கு சுற்றி வந்துவிடும். 30 நொடி இருக்கும். நாய் ஊளையிடுகிறது, ஆந்தை அலறுகிறது, தூரத்தில் மணி 12 அடிக்கிறது. விரித்த தலையும் வெள்ளைப் புடவையுமாகப் பேய் வருகிறது. சுள்ளென்ற வெயிலில், தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு வருகிறது. அடியில் யாராவது "பாவம், பேய்க்கு நைட் ஷிஃப்ட் கிடைக்கல" என்று எழுதியிருப்பார்கள். செந்தூலிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டும். கடைசியில் ஓர் அண்ணன் வந்து, "இதையும் ஒரு படம்னு ஓட்டியிருக்கானுங்க பாருங்க லா" என்று முடித்து வைப்பார்.

அந்தச் சிரிப்போடு எனக்கு வழக்கில்லை. மலிவுப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதும் அதைப் பார்க்கிற ஒரு வழிதான். ஒரே படத்தை 20 தடவை பார்த்து, வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிவிடும் ரசிகர் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது, நம் ஊரிலும் இருக்கிறது. உறுத்துவது வேறு. அந்த வெயில் படத்தில் இல்லை. பிரதியில்தான் இருக்கிறது. நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது எப்போதும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இரவை இரவில் பிடிக்கக் காசு வேண்டும். 1970களில் கிடைத்த வண்ணச் சுருளின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100 ஏஎஸ்ஏ. இன்று கைப்பேசி சாதாரணமாகப் பார்த்துவிடும் இருட்டில் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு தென்னந்தோப்பை ஒளியால் நிரப்ப வேண்டுமானால் ஆர்க் விளக்குகள், ஜெனரேட்டர் வண்டி, அவற்றுக்கு ஆள், எல்லாருக்கும் இரவு பேட்டா, மறுநாள் படப்பிடிப்பு இல்லை. சின்னக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத கணக்கு. எனவே பகலிலேயே பிடித்து இரவாக்குவார்கள். தொழிலில் இதற்கு 'டே ஃபார் நைட்' என்று பெயர். சூரியனை நடிகைக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முடியின் ஓரம் மட்டும் மினுங்கும், முகம் நிழலுக்குப் போய்விடும். வானம் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. ஒளியை இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காக, குறைக்க வேண்டும். விளக்கொளிக்காகச் செய்த சுருளை வெயிலில் ஓட்டினால் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போடுவது வழக்கம். அதைக் கழற்றிவிட்டால் படம் தானாக நீலம் பாரிக்கும். கறுப்பு வெள்ளை என்றால் சிவப்பு ஃபில்டர், நீல வானம் கறுத்துவிடும். மிச்ச இருட்டை லேபில் ஏற்றுவார்கள். பிரிண்ட் போடும்போது எந்த ஷாட்டுக்கு எவ்வளவு ஒளி என்று ஒரு குறிப்பு போகும், அதன்படி இன்னும் கொஞ்சம் அடக்குவார்கள். ஆக நெகட்டிவில் இருப்பது மங்கலான ஒரு பகல்தான். இரவு இருப்பது லேபுக்குப் போன அந்தக் குறிப்பில்.

படம் வீடியோவாக மாறும்போது குறிப்பு கூடவே வருவதில்லை. சுருளை வீடியோவாக மாற்றும் டெலிசினி இயந்திரத்தில் உட்கார்ந்தவருக்கு முன்னால் ஒரு சுருள் ஓடுகிறது, திரை மங்கலாக இருக்கிறது. படம் தெரியவில்லை என்று வாடிக்கையாளர் நாளை திட்டுவார். கையை நீட்டி வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறார். அவ்வளவுதான், பேய் வெயிலுக்கு வந்துவிட்டது. நம் மலிவுப் படங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானமும் அல்ல இது. 1922இல் வந்த ஜெர்மன் படம் 'நோஸ்ஃபெராட்டு'வில் இரவுக் காட்சிகளைப் பகலில் பிடித்துப் பிரிண்டுக்கு நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பின்னால் வந்த சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளில், சூரிய ஒளி பட்டாலே அழிந்துபோக வேண்டிய ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அந்தப் படத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கிறார்கள். நம்முடையதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

புதைத்த தையல்

வெளிச்சம் கூட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. மாயாஜாலப் படங்களுக்குப் பெயர்போன தெலுங்கு இயக்குநர் விட்டலாச்சார்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த 'ஜகன்மோகினி'யில் பேய் மருமகள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைப்பாள். படத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த அடுப்பு தெரியும். இந்த மாதிரிக் காட்சிகளுக்குக் கணினி கிடையாது. பொய்க்கால், தரையில் வெட்டிய குழி, புடவை மடிப்பு, கேமரா வைக்கும் கோணம் என்று கையால் செய்கிற வேலை. இல்லையென்றால் கேமராவுக்குள்ளேயே செய்கிற வேலை.

கேமராவுக்குள் செய்வது எப்படி? லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையால் பாதியை மறைத்து, ஒருமுறை ஓட்டுவார்கள். பிறகு லென்ஸை மூடிவிட்டு, ஓட்டிய அதே சுருளைப் பின்னால் சுற்றுவார்கள். 10 நொடி ஷாட் என்றால் 240 ஃப்ரேம், 35 மிமீ சுருளில் சரியாக 15 அடி. அட்டையை மறுபாதிக்கு மாற்றி மறுபடி ஓட்டினால் ஒரே பெண் இரண்டு இடத்தில் நிற்பாள். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே மேகம் வந்தால் ஒரு பாதி மங்கும். அரைமணி தாமதமானால் நிழலின் திசை மாறிவிடும். மூன்றுகாலியை யாராவது லேசாக இடித்தால் அன்றைய உழைப்பு குப்பை. அதைவிட முக்கியம் கேமரா. மிட்செல் கேமராவில் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஊசியால் குத்தி அசையாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. கைக்கு அடக்கமான ஆரிஃப்ளெக்ஸ் 2சி-யில் அந்த ஊசி கிடையாது. அதனால் ஆரியில் பிடித்தால் இரண்டு பாதியும் தனித்தனியாக நடுங்கும், நடுவிலுள்ள தையல் நெளியும். அந்தத் தையலை மறைக்கத்தான் ஒரு தூணையோ மரத்தையோ கதவின் நிழலையோ நடுவில் கொண்டுவருவார்கள். கறுப்புக்குள் புதைத்துவிட்டால் திரையில் தெரியாது. பொம்மையைத் தூக்கும் கம்பிக்கும் கறுப்பு மைதான் பூசுவார்கள், இருட்டுப் பின்னணியில் கரைந்துவிடும்.

இப்போது டெலிசினியில் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்குங்கள். தையல் மேலே வந்துவிடும், கம்பியும் வந்துவிடும். "கம்பி தெரியுது பார்" என்று சிவப்பு வட்டம் போட்டுப் பகிர்கிறோம். தெரியாமல்தான் வைத்திருந்தார்கள். விளக்கைப் போட்டது வேறொருவர்.

20 ஃப்ரேம்

இந்த வகைப் படங்களின் ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் நகைச்சுவை ஒன்று இருக்கிறது. வில்லன் கத்தியை ஓங்குகிறான். சட்டென்று அடுத்த காட்சி: கதாநாயகன் வாழையிலை முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைகிறான். அப்போது ஒரு பெண்ணின் "ஆ" கேட்கிறது. பாதி அலறல். அவன் அதைக் கண்டுகொள்ளாமல் கவளத்தை வாயில் வைக்கிறான். சோற்றைப் பார்த்து அலறியது யார் என்று கூட்டம் உருண்டு புரளும். எடிட்டருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்பதுதான் வழக்கமான விளக்கம்.

எனக்கும் அது எடிட்டர் தவறாகத்தான் பட்டது, சுருளின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை. 35 மிமீ பிரிண்டில் ஒலி, படத்தின் பக்கத்திலேயே ஒரு கோடாக ஓடுகிறது. ஆனால் புரொஜக்டரில் படத்தைக் காட்டும் இடம் ஒன்று, ஒலியைப் படிக்கும் இடம் அதற்குக் கொஞ்சம் கீழே. அதனால் ஒரு ஃப்ரேமுக்குரிய ஒலியை அந்த ஃப்ரேமுக்கு நேராக அச்சடிக்க மாட்டார்கள். சுமார் 20 ஃப்ரேம் முன்னால் அச்சடிப்பார்கள். 16 மிமீ என்றால் 26. தோட்டங்களுக்குப் போய்த் திடலில் துணி கட்டிக் காட்டியவை பெரும்பாலும் இந்தச் சின்னச் சுருள்கள்தான்.

சரி, தணிக்கையில் கத்திக்குத்தை வெட்டச் சொல்கிறார்கள். பிரிண்ட் ஏற்கனவே வந்து இறங்கிவிட்டது, ஒலியைத் தனியாக வெட்ட வழியில்லை. கத்தரிக்கோலால் சுருளை வெட்டி ஒட்டுவதுதான் ஒரே வழி. குத்தும் காட்சியின் படம் முழுதாகப் போய்விடும். ஆனால் அந்தக் காட்சியின் முதல் 20 ஃப்ரேமுக்குரிய ஒலி, வெட்டிய இடத்துக்கு முன்னால் உள்ள சுருளில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். புரொஜக்டரில் ஓடும்போது படம் வாழையிலைக்குத் தாவிவிடும். ஒலி மட்டும் செத்துப்போன காட்சியில் இன்னும் 20 ஃப்ரேம் நிற்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 0.83 நொடி. ஒரு பாதி அலறலுக்குச் சரியான அளவு.

அடுத்த தடவை அந்த மாதிரி இடம் வந்தால் நிறுத்துக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். தாவலுக்குப் பின் அந்நிய ஒலி ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக நின்று அறுந்தால், அது கத்தரிக்கோல். நீளமாக இழுத்தாலோ, மெல்லத் தேய்ந்து மறைந்தாலோ எடிட்டரே வேண்டுமென்று செய்தது. நம் மலிவுப் படங்களில் இரண்டும் உண்டு என்பதால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

தேய்ந்த பிரிண்டும் இப்படித்தான் பழி வாங்கும். மந்திரவாதி கை நீட்டியதும் இளவரசன் கிளியாகும் வித்தைக்குக் கேமராவைப் பூட்டி நிறுத்தி, எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, இளவரசனை எடுத்துவிட்டுக் கிளியை வைப்பார்கள். கேமரா நிற்கும்போது மோட்டார் மெதுவாவதால் கடைசி நாலைந்து ஃப்ரேம் வெளுத்துவிடும், அவற்றை வெட்டுவார்கள். ஒட்டிய இடம் தெரியாமலிருக்க ஒரு 'புஸ்' புகை. அரை நொடிப் புகைக்கு 12 ஃப்ரேம்தான். அந்த இடத்தில் சுருள் கிழிந்து, கேபினில் ஒருவர் அவசரமாக ஒட்டினால் புகை காணாமல் போகும், கிளி பொத்தென்று விழும்.

வட்டும் புகையும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை மேசைகளிலும் இந்தப் படங்கள் நம் கைக்கு வந்தது பெரும்பாலும் விசிடியாக. அதில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. நொடிக்கு 1,150 கிலோபிட், ஒரு வட்டில் 74 நிமிடம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடிய படத்தை நம் நாட்டு 'பால்' (PAL) முறைத் தொலைக்காட்சிக்காக 25 ஆக ஓட்டினார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலின் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். வில்லன் குரல் கீச்சென்று இருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள், கொஞ்சம் இதனால்.

ஆனால் விசிடியின் பெரிய பலி, புகை. காசில்லாத இயக்குநருக்குப் புகையைப் போல நண்பன் கிடையாது. செட்டின் சுவர் எங்கே முடிகிறது என்பதை அது மறைக்கும், ஒரே குகையை மூன்று குகையாகக் காட்டும், அட்டைப் பாறைக்குக் கனம் கொடுக்கும். விசிடியோ படத்தை 16க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, முந்தைய ஃப்ரேமிலிருந்து எது நகர்ந்தது என்பதை மட்டும் எழுதி இடத்தைச் சேமிக்கிறது. சுவர் நகராது, மிச்சம். ஆள் நடந்தால் சமாளிக்கும். புகையில் எல்லாப் புள்ளியும் எல்லாத் திசையிலும் நகரும், 1,150 கிலோபிட் அங்கே மூச்சுத் திணறிவிடும். மொத்தம் 396 சதுரமும் பல்லிளிக்கும். குகைக்குள் மூடுபனி தவழ வேண்டிய இடத்தில் குளியலறை ஓடு தவழும்.

அகலத்திரைப் படம் என்றால் இன்னொரு வெட்டு. தமிழில் 1973இல் 'ராஜராஜ சோழன்' சினிமாஸ்கோப்பில் வந்த பிறகு பின்னால் பலரும் அந்த அகலத்துக்குப் போனார்கள். 2.35க்கு 1 என்ற படத்தைப் பழைய டிவியின் சதுரத்துக்குள் நிரப்பினால் அகலத்தில் 43 விழுக்காடு வெளியே போய்விடும். இருவர் பேசும் காட்சியில் இரண்டு மூக்கும் நடுவில் ஒரு ஜன்னலும் மிஞ்சுவது அதனால். இப்போது யூடியூபில் அதே சதுரத்தைப் பக்கவாட்டில் இழுத்து, ஏஐ மெருகும் பூசி ஏற்றுகிறார்கள். எல்லாருக்கும் கன்னம் உப்பியிருக்கிறது, பேய்க்கு மெழுகுத் தோல்.

கேசட்டைப் போடாதீர்கள்

விசிடிக்கு முந்தைய தலைமுறையின் விஎச்எஸ் கேசட்டுகள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சில சமயம் வட்டைவிட அவை நல்ல மூலத்திலிருந்து எடுத்தவை. ஆசையில் உடனே கருவிக்குள் தள்ளிவிடக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் டேப்புக்குப் பூஞ்சை பிடிக்கும். சின்ன ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதுதான். அதை ஓட்டினால் கருவியில் டேப்பைப் படிக்கும் தலைகள் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல்லோடு இறுகிய டப்பாவில் ஒன்றிரண்டு வாரம் காய விடுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து, அடியிலுள்ள ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, பிசிறு உதிராத துணியால் டேப்பைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சுற்றி, சுருளைப் புதிய கூட்டுக்கு மாற்றுங்கள். ஓட்டுவதற்கு, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கருவி. ஓட்டியபின் தலையைச் சாமோய் தோல் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுப் படுக்கைவாட்டில் மட்டும் துடைக்க வேண்டும்; மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும்.

படத்தின் ஓரம் நெளிந்தால், கோடுகளை ஒழுங்காக நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒன்று நடுவில் வேண்டும். அதற்குச் செலவழிக்க முடியாதவர்கள் பானசோனிக் ஈஎஸ்10, ஈஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாகச் சிக்னலைக் கடத்திவிடுவார்கள், பெரும்பாலும் போதும். 720க்கு 576 அளவில், சுருக்கத்தில் இழப்பில்லாத முறையில் பிடித்தால் மணிக்கு 30 முதல் 40 ஜிபி. வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாகப் பிரிந்து வரும். பலர் அவசரப்பட்டு உடனே அந்தப் பிரிவை நீக்கும் டீஇன்டர்லேஸ் செய்து பாதி விவரத்தைத் தொலைக்கிறார்கள். பால் டேப்பில் உள்ள சினிமாவுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. இரண்டு பாதிக் கோடுகளும் ஒரே ஃப்ரேமிலிருந்து வந்தவை, சேர்த்து வைத்தால் போதும். முக்கியமாக, பிடிக்கும்போது வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். அதே தப்பு மறுபடி நடக்கும்.

இவ்வளவு செய்தாலும் எல்லாப் படமும் தேறிவிடாது. பிரதியைக் கழுவினால் வெயில் போகும், நாயகனின் பஞ்ச் வசனம் போகாது. இந்த வகைக்கு 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெயர் வந்தது ஹாலிவுட் விளம்பரத் துறையின் பேச்சிலிருந்து. நட்சத்திரம் இல்லாத சரக்கை ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்டி விற்பது என்று பொருள். நம்மிடம் தூக்கிக் காட்டியது பாம்பையும் பேயையும் மட்டுமல்ல, பெண்ணின் உடம்பையும்தான். கதைக்குச் சம்பந்தமில்லாத நீர்வீழ்ச்சிக் குளியல் தெளிவான பிரதியில் இன்னும் தெளிவாகச் சம்பந்தமில்லாமல் இருக்கும். இதற்கு டெலிசினிக்காரர் பொறுப்பில்லை.

இன்னொரு பக்கம், அழுக்கையே விரும்புகிற ரசிகரும் இருக்கிறார். 2007இல் ஹாலிவுட் இயக்குநர்கள் ராட்ரிகஸும் டாரண்டினோவும் 'கிரைண்ட்ஹவுஸ்' எடுத்தபோது கீறலையும் காணாமல்போன ரீலையும் காசு செலவழித்துச் செய்து சேர்த்தார்கள். விசிடி சதுரங்களோடு வளர்ந்த ஒருவருக்குச் சுத்தமான பிரதியைக் காட்டினால் "இது அந்தப் படம் மாதிரியே இல்லையே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனக்கு உடன்பாடு இல்லை.

பிரதியைக் குறை சொல்வதற்கும் ஒரு பிரதி வேண்டும். தமிழில் 'மதனகாமராஜன்' (1941), 'தாசி அபரஞ்சி' (1944) எடுத்த பி.என். ராவ், பின்னாளில் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் படக் கம்பெனிக்காக நடிகை மரியா மெனாடோவை வைத்து 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் பேய்ப் படம் எடுத்தார். 1957இல் அதுவும் 'டெண்டாம் பொந்தியானாக்'கும், 1958இல் அகலத்திரையில் 'சும்பா பொந்தியானாக்'கும். பிடரியில் ஆணி இறங்கினால் அழகியாகும் அந்தப் பேய்க்கு உருவம் கொடுத்தவர் நம் கோடம்பாக்கத்துக்கும் சொந்தக்காரர். மூன்றில் முதல் இரண்டும் இன்று கிடையாது. கம்பெனியின் பங்காளியே சுருள்களைச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். அவற்றில் தையல் தெரிந்ததா, கம்பி தெரிந்ததா என்று சிரிக்கக்கூட வழியில்லை.

நம் மாயாஜாலப் படங்களிலும் சிலவற்றுக்கு இப்போது மிஞ்சியிருப்பது மலேசிய விசிடி மட்டும்தான். வெளிச்சத்தைக் குறைக்கலாம், நீலத்தை ஏற்றலாம், வேகத்தை 24க்கு இறக்கிச் சுருதியைச் சரிசெய்யலாம். ஆனால் மலாய் வசனத்தை அதில் படத்தோடு சேர்த்து அச்சடித்திருப்பார்கள், அடியில், வெள்ளை எழுத்தில், இரண்டு வரி. வந்திருப்பது பேய்தான் என்று கதாநாயகன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? கீழே குனிந்து காலைப் பார்க்கிறான். இசை நின்றுவிடும், கேமராவும் கூடவே இறங்கும், சரியாக அங்கே 'டியா புக்கான் மனுசியா', அதாவது 'அவள் மனிதப் பிறவி இல்லை', என்று ஒரு வரி. கால் இருந்ததா இல்லையா என்பது அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிறது.